நாலரை ஆங்ஸ்ட்ராம்

என் மதினி பானுப்பிரியாவுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்ச நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஜீப்பில் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து போடிமெட்டு ஏறுகிற இடம் வரும். அதைப் படித்துவிட்டு, பரவாயில்லையே, ராசியாகிவிட்டார்கள் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம்.

மதினி ஆவதற்கு முன்னால் அவள் எனக்கு அக்கா. மதுரையில் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். அவள் தேவாரம் ஊர்க்காரி, எனக்கு மூன்று வருடம் சீனியர். நான் போடி. ஒரே மலையின் அடிவாரம் என்பதால் சேர்ந்த அன்றைக்கே அவளிடம் ஒட்டிக்கொண்டேன். "சிவரஞ்சனி எங்கே?" என்று யாராவது கேட்டால், "பானு எங்கே இருக்கிறாளோ அங்கே" என்பார்கள். அவள் டிபன்பாக்ஸில்தான் என் மதியச் சாப்பாடு.

அவள் அப்போது ஏலக்காய் அழுகலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவளுடைய அப்பா மலையில் குத்தகைக்கு எடுத்த தோட்டம் ஒரே மழைக்காலத்தில் அழுகி ஒன்றுமில்லாமல் போனதிலிருந்து வந்த கோபம் அது. ஈரத்தில் பரவுகிற ஒரு பூஞ்சை காயின் தோலைக் கரைத்து உள்ளே போகிறது. கரைப்பதற்கு ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதத்தின் உருவம் தெரிந்தால் அதை எங்கே முடக்கலாம் என்று தெரிந்துவிடும். ஆனால் அது மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்க்கிற அளவில் இல்லை. புரதத்தைச் சுத்தம் செய்து, உப்புக் கரைசலோடு சொட்டுச் சொட்டாக வைத்து, பாகு இறுகிக் கற்கண்டாவதுபோல அது படிகமாவதற்குக் காத்திருக்க வேண்டும். கோடிக்கணக்கான புரதங்கள் வரிசை பிசகாமல் நெருக்கியடித்து நின்றால்தான் படிகம். அதன்மேல் எக்ஸ்ரே கதிரை விட்டு, அது சிதறுகிற விதத்தை வைத்து ஒவ்வொரு அணுவும் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். பானுக்கா அந்தப் படிகத்துக்காக வருடக்கணக்கில் செத்தாள். கடைசியில் ஒரு சொட்டுக்குள் உப்புக்கல் மாதிரி ஒன்று மினுங்கியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் ராஜாராம் என்னைப் பார்க்க மதுரைக்கு வந்தான். நான்தான் இரண்டு பேரையும் கேண்டீனில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்து வடை வாங்கிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதை எல்லாரும் சொல்லத்தான் செய்வார்கள். கொஞ்ச நாள் போடியிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். பிறகு காயெடுப்பு வந்தது, மலையில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பிறகு எங்கள் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். பிறகு அவள் வரவில்லை. எங்கள் ஆய்வுக்கு வழிகாட்டியான சார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளுடைய படிகத்தையும் அதிலிருந்து அவள் எடுத்திருந்த அணுக்களின் இடங்களை எழுதிய கம்ப்யூட்டர் கோப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டார்.

நானா கேட்டேன்? கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். நான் வேண்டாம் என்றிருந்தால் அடுத்த மேஜை பால்ராஜ் இரண்டு கையையும் நீட்டி வாங்கியிருப்பான். இதில் நான் செய்த குற்றம் என்ன என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. ஆனால் அன்றோடு அவள் வாயில் என் பெயர் வருவது நின்றுபோனது. நான் வீட்டில் இருக்கும்போதே, என் எதிரிலேயே, "ஒங்க தங்கச்சி சாப்பிடுதான்னு கேளுங்க" என்று அண்ணனிடம் சொல்வாள். நானும் விடவில்லை. அக்காவை மறந்து மதினி, மதினி என்று அழுத்தி அழுத்திக் கூப்பிட்டேன்.

என் வேலை தொடர்பு பார்ப்பது. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு நீளச் சங்கிலி. அது நீட்டிக்கொண்டு கிடக்காது, மடங்கிச் சுருண்டு பந்தாகிவிடும். சங்கிலியில் ஒரு கோடியில் இருப்பதும் மறு கோடியில் இருப்பதும் அந்த மடிப்பில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அளந்துகொண்டே போனால், அந்தப் பந்து கலையாமல் எது பிடித்து வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். தொடுவதற்கு ஓர் அளவு உண்டு. ஒன்றின் அணுவிலிருந்து மற்றதின் அணுவுக்கு நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடர்பு, அதற்கு மேலே போனால் இல்லை. ஒரு மில்லிமீட்டரைக் கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டுதான் ஆங்ஸ்ட்ராம். இந்த நாலரையை வைத்துக்கொண்டுதான் நான் ஐந்து வருடம் குப்பை கொட்டினேன்.

மதினியின் கோப்பைத் திறந்தபோது அதில் ஒரே மாதிரியான இரண்டு புரதங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்றிலிருந்த ஆர்ஜினின் என்கிற அமினோ அமிலம் நீட்டிய கையை மற்றதிலிருந்த அஸ்பார்ட்டேட் பிடித்துக்கொண்டிருந்தது. இடைவெளி மூன்று ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தப் புரதம் தனியாக வேலை செய்யவில்லை, ஜோடி சேர்ந்துதான் காயைக் கரைக்கிறது, அந்தப் பிடியை விடுவித்துவிட்டால் அழுகல் நின்றுவிடும் என்று எழுதினேன். அது என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம். உள்ளதைச் சொன்னால் ஆய்வேடே அதுதான். முதல் இரண்டையும் பக்கத்துக்காக எழுதினேன். அதைப் படித்த வெளித் தேர்வாளர்கள் நல்லபடியாக அறிக்கை அனுப்பிவிட்டார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு மட்டும்தான் பாக்கி. அது முடிந்தால் டாக்டர் பட்டம், அதைக் காட்டினால் ஹைதராபாத்தில் ஒரு வேலை.

வைவாவுக்கு முந்தின வாரம் வீட்டில் இருந்தேன். வைவாவில் காட்டப்போகிற படங்களை டிவியில் ஓடவிட்டு அம்மாவுக்கும் அண்ணனுக்கும் பேசிக் காட்டினேன். எங்கள் அம்மா ஜக்கம்மாள் மொச்சை உரித்துக்கொண்டே பார்த்தாள். இது முடிந்தால் மாப்பிள்ளை பார்க்கச் சம்மதிப்பாயா என்பது மட்டும்தான் அவளுடைய சந்தேகம். கைகோத்த இரண்டு புரதங்களும் திரையில் வந்தபோது மதினி சல்லடையோடு கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நின்றாள். பார்த்தாள்.

"அந்த ஜோடி பொய்யி" என்றாள். போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடினேன். என்ன பொய், எங்கே பொய், என்ன தெரியும் உனக்கு என்று கேட்டேன். அவள் ஏலக்காயைச் சல்லடையில் கொட்டி ஆட்டிக்கொண்டே இருந்தாள். சின்னக் காய்கள் கீழே விழுந்தன, பெரியவை மேலே நின்றன. என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சல்லடையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அண்ணன் வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சண்டையும் இல்லை, ஆனால் சண்டை இல்லாத நேரமும் இல்லை. நான் படிக்க உட்கார்ந்தால் அவள் கிரைண்டரைப் போடுவாள். அவள் குளிக்கப் போனால் எனக்குத் துணி அலசுகிற வேலை வந்துவிடும், குழாயில் தண்ணீர் நூலாகிவிடும். சாப்பிடும்போது நான் அம்மாவிடம் பொதுவாக ஒன்று சொன்னேன்: பாதியில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, முடிக்கப் போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். அம்மா எனக்கு ஆதரவாகப் பேசுவாள் என்று நினைத்தேன். ஒனக்கு வாயி மட்டும் ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கிருச்சு என்றாள். மதினி எனக்கு ரசம் ஊற்றினாள். வேண்டும் என்றே அடி கலக்காமல் மேல் தெளிவாக ஊற்றினாள்.

இதற்கு நடுவே மலையில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற ஈஸ்வரனுக்குக் காய்ச்சல் வந்தது. பறித்த காய் குவிந்து கிடந்தது. உடனே உலர்த்தாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் ஏலக்காய் இல்லை. மதினியை மேலே போகச் சொன்ன அண்ணன், துணைக்கு என்னையும் போகச் சொன்னான். வைவா இருக்கிறது என்று கத்தினேன். அங்கே உட்கார்ந்து படி, நெட்டும் கிடையாது, தொந்தரவும் கிடையாது என்றான். எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஸ்டோருக்குள் அனுப்புவதில் ஒரு தொந்தரவும் இருக்காது என்று நம்புகிற அளவுக்குத்தான் அவன் எங்களைக் கவனித்திருந்தான்.

விடிகிற நேரத்தில் மொக்கச்சாமி அண்ணனின் ஜீப்பில் ஏறினோம். காயெடுக்கப் போகிற பெண்கள் ஏற்கெனவே அடைந்திருந்தார்கள். ஜீப்பு எத்தனை பேருக்கு என்று செய்தவனுக்குத் தெரிந்திருக்கும், மொக்கச்சாமி அண்ணனுக்குத் தெரியாது. கடைசியாக மிச்சமிருந்த ஒரே இடுக்கில் நானும் மதினியும் திணிக்கப்பட்டோம். எனக்கு அந்தப் பக்கம் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு கருத்தம்மா. இந்தப் பக்கம் மதினி. என் முழங்கை அவள் விலாவில், அவள் தோள்பட்டை என் கழுத்தில். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடிவாரத்து முந்தல் தாண்டிக் கொண்டைஊசி வளைவுகள் தொடங்கின. ஒரு வளைவில் நான் அவள்மேல் சாய்ந்தேன். அடுத்ததில் அவள் என்மேல் சாய்ந்தாள். நடுவில் ஒரு பஸ்சுக்கு வழி விட மொக்கச்சாமி அண்ணன் பிரேக்கை மிதித்தபோது இரண்டு பேர் நெற்றியும் முட்டிக்கொண்டன. கருத்தம்மா சிரித்துவிட்டாள். நாத்தனாரும் மதினியும் எப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள், கண் பட்டுவிடும் என்றாள். ஜீப்பே சிரித்தது.

மதினி சிரிக்கவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பினாள். திருப்புவதற்குக்கூட இடமில்லை, அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது. அந்தக் கோப்பு என் கைக்கு வந்த பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இப்ப நீயும் நானும் ஜோடியா?"

நான் கருத்தம்மாவின் தூக்குவாளியைப் பார்த்தேன்.

"எடமில்ல, ஒட்டிருக்கோம். எறங்குனா நீ ஒரு பக்கம், நா ஒரு பக்கம். படிகத்துக்குள்ளயும் இம்புட்டுத்தேன் சங்கதி. அந்த ரெண்டயும் பக்கத்துல வச்சு எழுதுனது நாந்தேன்."

நானாகவே அவள் பக்கம் திரும்பினேன். வளைவு இல்லாத நேரம் அது.

அவள் சொன்னது என்னவென்றால், படிகத்துக்குள் ஒரு புரதத்துக்கு நாலாபக்கமும் ஆள் இருக்கும். அத்தனையையும் கோப்பில் எழுத முடியாது. திரும்பத் திரும்ப வருகிற சின்னக் கூறு எதுவோ அதை மட்டும் எழுதினால் போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் அடுக்கிக்கொள்ளும். இந்தப் படிகத்தில் அந்தக் கூறு இரண்டு புரதம். எந்த இரண்டு என்பது எழுதுகிறவர் இஷ்டம். இடதுபக்கத்து ஆளோடு சேர்த்தும் எழுதலாம், தலைக்கு மேலே இருக்கிற ஆளோடு சேர்த்தும் எழுதலாம். கோப்பில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதால் அவர்கள் ஜோடி ஆகிவிட மாட்டார்கள். இது எங்கள் தொழிலில் முதல் மாதமே சொல்லிக் கொடுக்கிற பாடம். சொல்லிக் கொடுத்தபோது தலையாட்டிவிட்டு, திரையில் இரண்டு பேர் கைகோத்து நிற்பதைப் பார்த்ததும் மறந்துபோகிற பாடமும் அதுதான். நானும் தலையாட்டியவள்தான்.

அந்த இரண்டை எதற்காகப் பக்கத்தில் வைத்தாய் என்று கேட்டேன். 

"ஸ்கிரீன்ல அழகா அடங்குச்சு" என்றாள்.

அது மட்டுமில்லை. அந்தப் புரதத்தைத் தண்ணீரில் கரைத்து, அளவு வாரியாகப் பிரிக்கிற குழாயில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அது தனி ஆளாகத்தான் வெளியே வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பார்த்ததாம். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போடிமெட்டில் இறங்கியதும் சொன்ன மாதிரியே அவள் ஒரு பக்கம் நடந்தாள், நான் ஒரு பக்கம் நடந்தேன். ஸ்டோருக்கு ஒரே பாதைதான். அவள் மேட்டோரம் போனாள், நான் பள்ளத்தோரம் போனேன்.

ஸ்டோரில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். அவள் பொய் சொல்கிறாள் என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். கோப்பில் இருந்த இரண்டைச் சுற்றிப் படிகத்தின் மற்ற ஆட்களையெல்லாம் அடுக்கச் சொன்னேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு என்று திரை நிறைந்துபோனது. எல்லாவற்றோடும் நாலரைக்குள் தொடர்பு இருந்தது. நான் உருகி உருகி எழுதிய அந்தக் கைப்பிடியைவிட, முதுகுப்பக்கத்து ஆளோடு இருந்த ஒட்டுதல் பெரியதாக இருந்தது. கடைசி நம்பிக்கையாக, லேப்டாப்பில் முன்பே இறக்கி வைத்திருந்த, இதே புரதமுள்ள மற்றப் பூஞ்சைகளின் சங்கிலிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். உண்மையிலேயே பிடித்துக்கொண்டு வேலை செய்கிற இடமாக இருந்தால், அந்த ஆர்ஜினினும் அஸ்பார்ட்டேட்டும் எல்லாவற்றிலும் மாறாமல் இருக்க வேண்டும். இல்லை. ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்று இருந்தது. அந்த இடத்தை யாரும் காப்பாற்றி வைத்திருக்கவில்லை, ஏனென்றால் அங்கே காப்பாற்ற ஒன்றும் இல்லை.

அழுதேன். உலர்த்துகிற அறையின் சூட்டில் அழுதால் கண்ணீர் கன்னத்தைத் தாண்டாது, அதிலேயே காய்ந்துவிடும். என் அத்தியாயம் போனதற்காகப் பாதி அழுதேன். அவள் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்பதற்காக மீதி அழுதேன்.

சாயங்காலம் அவள் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். நீ வேண்டுமென்றே விட்டிருக்கிறாய், நான் வீட்டில் அந்த ஜோடியைப் பற்றிப் பீற்றிக்கொண்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஆய்வேட்டைக் கொடுக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, கழுத்துக்குக் கயிறு வந்த பிறகு சொல்கிறாய் என்றேன். மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஆமா என்றாள். விறகைத் தள்ளினாள்.

பிறகு நிமிர்ந்தாள். "ஒங்க அண்ணனயும் என்னயும் பக்கத்துல ஒக்கார வச்சது நீ. ஜோடி, ஜோடின்னு கைதட்டுன. எறங்குன பெறகு என்னாச்சுன்னு ஒருநா திரும்பிப் பாத்தியா?"

அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். அவள் அந்தக் கேள்வியை அடுப்புக்குள் போட்டுவிட்டாள். வைவாவுக்குத் தானும் வரப்போவதாகச் சொன்னாள்.

"பொது வைவாதான? யாரு வேணும்னாலும் கேக்கலாம். நா கேப்பேன்."

விதி அப்படித்தான். அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற எவரும் எழுந்து கேட்கலாம். யாரும் கேட்பதில்லை. சொந்தக்காரர்கள் வருவார்கள், ஸ்வீட்டும் காரமும் வைத்த டப்பாவை வாங்குவார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள். முழு மண்டபத்துக்கு நடுவில் இவள் எழுந்து என் ஜோடியைப் பிரித்துப் போடுகிற காட்சி என் கண் முன்னால் ஓடியது. சாரின் முகம், பால்ராஜின் முகம், எல்லாம் தெரிந்தன.

மறுநாள் போனில் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி சாரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.  அறிக்கை எல்லாம் நன்றாக வந்திருக்கிறது, அந்தப் படத்தை வேகமாகத் தள்ளிவிட்டுப் போ, பட்டம் வாங்கிய பிறகு நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம் என்றார். சரி சார் என்றேன். அவர் மட்டும்தான் என் பக்கம் என்றும் தோன்றியது, இப்படி ஓர் ஆளிடமா இத்தனை வருடம் படித்தேன் என்றும் தோன்றியது.

நான் அவர் சொன்னபடி செய்யவில்லை. உண்மைக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என் மதினி வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியை நானே தின்றுவிட வேண்டும், அவள் எழுந்து நின்றால் கேட்க ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. அந்த வன்மத்தில்தான் உட்கார்ந்து மூன்றாவது அத்தியாயத்தின் படங்களை முழுவதும் மாற்றினேன்.

வைவா அன்றைக்கு வேன் பிடித்து வந்தார்கள். அம்மா பட்டுப்புடவை. அண்ணன் வெள்ளை வேட்டி. மதினி கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். நான் இங்கிலீஷில் தொடங்கினேன். மூன்றாவது அத்தியாயம் வந்ததும், இது தவறு என்று சொன்னேன். இந்த இரண்டு புரதங்களும் ஜோடி இல்லை, நெருக்கத்தில் நிறுத்தப்பட்டவை, நான் நெருக்கத்தை உறவு என்று எழுதிவிட்டேன் என்று சொல்லி, சுற்றியிருந்த ஆட்களையெல்லாம் திரையில் காட்டினேன். சார் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார், குடிக்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா என்னை வறுத்தெடுத்தார். அச்சில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக வந்து நிற்க உனக்கு வெட்கமாக இல்லையா என்கிற அர்த்தத்தில்கூட ஒன்று கேட்டார். நான் நின்றேன். கடைசியில், அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, படிகம் எப்படி ஏமாற்றியது என்பதையே புது அத்தியாயமாக எழுதிக் கொடுத்தால் பட்டத்துக்குப் பரிந்துரைப்பேன் என்றார்.

தப்பித்தேன். நேராகக் கடைசி வரிசையைப் பார்த்தேன். இப்போது கேளடி என்று மனசுக்குள் சொன்னேன்.

பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்று சார் வழக்கத்துக்காகக் கேட்டார். டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த பால்ராஜ்கூட நிமிரவில்லை. மதினி எழுந்தாள். அதுவரைக்கும் அந்த அரங்கத்தில் எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அவள் தமிழில் கேட்டாள்.

"அது ஜோடி இல்லைன்னு மொதல்ல சொன்னது யாரு?"

அம்மா தலையைத் திருப்பினாள். அண்ணனும் திருப்பினான். அவ்வளவு நேரத்தில் அவர்கள் இருவருக்கும் புரிந்த முதல் வாக்கியம் அது. சார் அவசரமாகக் குறுக்கிட்டு, இது பாடம் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லையே என்றார். அவள் பதில் சொல்லட்டும் என்றார் தேர்வாளர் அம்மா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் இந்தக் கேள்விக்காகத்தான் வந்திருக்கிறாள். அடுப்படியில் என்னை மிரட்டியது, நான் வீம்புக்காவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று தெரிந்துதான். என்னை அவ்வளவு அளந்து வைத்திருக்கிறாள். நான் பிடுங்கித் தின்றது அவள் எனக்காகப் போட்டு வைத்த இரை. நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிடலாம். மறுக்க அவளிடம் ஒரு சாட்சியும் இல்லை, வீட்டில் அவள் சொன்ன ஒரு வரி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் விளங்கியிருக்காது, ஜீப்பில் கருத்தம்மா மட்டும்தான் கேட்டாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவளோ உட்காராமல், ஆடாமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெறுப்பாக இருந்தது. அவள்மேல்தான் வெறுப்பு, ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எங்க மதினி" என்றேன். "அந்தப் படிகத்த வளத்ததும் அவங்கதான்."

அவர் இப்போது எந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார் என்று தேர்வாளர் அம்மா கேட்டார்.

"எங்க வீட்டுல" என்றேன்.

 அண்ணன் வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா கையில் இருந்த டப்பாவை மடியில் வைத்தாள். மதினி உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. தேர்வாளர் அம்மா சாரின் பக்கம் சாய்ந்து, அந்தப் பெண்ணின் ஆய்வுப் பதிவு இன்னும் செல்லுமா என்று இங்கிலீஷில் கேட்டதும், நீட்டிக்கொள்ளலாம் என்று சார் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னதும் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

திரும்பி வரும்போது வேனில் பாட்டுப் போடவில்லை. மதினி முன்னால், நான் கடைசியில், நடுவே ஒரு சீட்டு முழுக்க ஸ்வீட் டப்பா. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது அண்ணன், யாரையும் பார்க்காமல், "ஸ்டோர இனி நா பாத்துக்கிறேன்" என்றான். அதற்கு அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம் என்று நான் நினைத்தேன், நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

திங்கட்கிழமை அத்தியாயத்தைத் திருத்துவதற்காக மதுரைக்குக் கிளம்பினேன். போடி பஸ்ஸ்டாண்டில் முதல் பஸ்சு. ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பஸ்சு கிளம்பி அசைந்த பிறகு மதினி ஓடி வந்து ஏறினாள். தோளில் அந்தப் பழைய ஆய்வுக்கூடப் பை. பஸ்சு நிறைந்திருந்தது. காலியாக இருந்தது ஒரே ஒரு சீட்டு, என் பக்கத்தில்.

பார்த்தாள். நானும் பார்த்தேன். என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார் என்று வாயால் சொல்லவில்லை, எனக்கு அவ்வளவுதான் முடிந்தது. அவள் அந்தச் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது அத்தியாயத்துலயும் ஒரு தப்பு இருக்கு" என்றாள்.

எங்கே என்று கேட்டேன். தேடு என்றாள். தேனி வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தாள்.